தாய் இல்லாத குட்டி யானைக்குத் தாய் ஆனவர்கள்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்குப் போகும் மலைப் பாதையில் இருக்கிறது பர்லியார்.

பஸ்ஸில் போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். டீ குடிப்பார்கள். பருவம் என்றால் மங்குஸ்தான் பழமும் வாங்குவார்கள். 1871-ம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய அரசாங்கப் பழப் பண்ணை இங்கே இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று அபூர்வமான மரங்கள் எல்லாம் அதில் நிற்கின்றன.

இந்த ஊருக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி ஒருவர் உண்டு. அவர்தான் யானை!

பலாப்பழம் பழுத்து மணம் வீசத் தொடங்கினால் போதும். அடிவாரக் காட்டில் இருந்து யானைக் கூட்டம் மேலே ஏறி வரும். பெரிய யானைகள் முன்னும் பின்னும் நடக்கும். நடுவில், தாயின் கால்களுக்கு இடையில், ஒரு குட்டி ஓடி வரும். கார்களும் பஸ்களும் நின்றுவிடும். பிரயாணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். "ஆகா! எவ்வளவு அழகு!" என்பார்கள்.

அழகுதான். ஆனால் அந்தக் குட்டி ஒருநாள் தாயைப் பிரிந்து தனியாக நின்றுவிட்டால்? அதற்குப் பால் கொடுப்பது யார்? பக்கத்தில் படுத்துக்கொள்வது யார்? வளர்ந்த பிறகு அது எங்கே போகும்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மனிதர்கள் நீலகிரியிலேயே இருக்கிறார்கள்.

கூட்டம்தான் வீடு

யானை தன் குட்டியை ஏறக்குறைய 22 மாதம் வயிற்றில் சுமக்கிறது. பிறக்கும்போதே குட்டி சுமார் 100 கிலோ எடை இருக்கும்.

எடை இருந்து என்ன பயன்? அது பச்சைக் குழந்தைதான். தும்பிக்கையை எப்படிப் பயன்படுத்துவது என்றே முதல் சில மாதங்களுக்கு அதற்குத் தெரியாது. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, வாயால்தான் பால் குடிக்கும். இரண்டு வயது வரையில் தாய்ப்பால் இல்லாமல் பிழைப்பது மிகக் கடினம்.

யானைக் கூட்டம் என்பது ஒரு கூட்டுக் குடும்பம். பாட்டிதான் குடும்பத்துக்குத் தலைவி. பெரியம்மா, சின்னம்மா, அக்கா என்று எல்லோரும் சேர்ந்து குட்டியைப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளத்தில் கால் இடறினால் தும்பிக்கையால் தூக்கிவிடுவார்கள். வெயில் அடித்தால் சுற்றி நின்று நிழல் கொடுப்பார்கள்.

ஆகவே, தாயைப் பிரிந்த குட்டி தாயை மட்டும் இழப்பதில்லை. ஒரு குடும்பத்தையே இழக்கிறது.

எப்படிப் பிரிகிறது?

குட்டி பிரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. பள்ளத்திலோ, வாய்க்காலிலோ, கிணற்றிலோ விழுந்துவிடும். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். பயிரைக் காப்பதற்காகச் சட்ட விரோதமாகப் போட்ட மின்சார வேலி தாயைக் கொன்றுவிடும். நோய் வந்தும் தாய் இறந்துபோகும்.

யானை நடக்கும் தடத்தில் மனிதன் எதையாவது கட்டிவைத்தாலும் ஆபத்துதான். பர்லியார் பக்கத்து மலையிலேயே இது நடந்தது. மலை ரயில் பாதையில் ஹில்குரோவ் என்ற நிலையம் இருக்கிறது. அதன் அருகே தண்டவாளத்தை ஒட்டி ஒரு சுவர் கட்டினார்கள். அதைத் தாண்ட முடியாமல் ஒரு யானைக் கூட்டம் தவித்தது. அந்தக் காட்சி 2022-ம் ஆண்டு படமாக வெளிவந்தது. பார்த்தவர்கள் பதறினார்கள். பிறகு அந்தச் சுவர் இடிக்கப்பட்டது.

தோளில் சுமந்த காவலர்

பிரிந்த குட்டியைப் பார்த்ததும் முகாமுக்குக் கொண்டுபோய் விடுவதில்லை. தாயோடு சேர்த்துவைப்பதுதான் முதல் வேலை.

2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பர்லியார் மலையின் அடிவாரத்தில், மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் கோவில் பக்கம், ஒரு யானை பாதையை மறித்துக்கொண்டு நின்றது. வனத்துறையினர் அதை விரட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குட்டி பள்ளத்தில் விழுந்து கிடந்தது!

குட்டியை மேலே தூக்கினார்கள். அதனால் நடக்க முடியவில்லை. தாய் எந்த நேரமும் திரும்பி வரலாம். வந்தால் எல்லோருடைய உயிருக்கும் ஆபத்து.

பழனிச்சாமி சரத்குமார் என்ற வனக்காவலர் யோசிக்கவில்லை. குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்! நண்பர்கள் இருபுறமும் தாங்கிப் பிடிக்க, ஆட்டுக்குட்டியைச் சுமப்பதுபோல் சுமந்துகொண்டு பாதையைக் கடந்தார். காட்டு ஓரத்தில், தாய் வந்து பார்க்கக்கூடிய இடத்தில், குட்டியை விட்டார்கள்.

மறுநாள் குட்டி அங்கே இல்லை. தாய் வந்து அழைத்துப் போய்விட்டது! சரத்குமார் குட்டியைச் சுமக்கும் படம் உலகம் முழுவதும் பரவியது.

2023 டிசம்பர் கடைசியில் வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டிலும் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. கூட்டத்தைப் பிரிந்த குட்டியை வனத்துறையினர் பிடித்தார்கள். 'டிரோன்' என்ற பறக்கும் கேமராவை விட்டுக் கூட்டத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குட்டி தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

தாய் ஏற்காவிட்டால்?

எல்லா முயற்சியும் வெற்றி பெறுவதில்லை.

2024 மே மாதக் கடைசியில், கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயில் விழுந்தது. குட்டி தாயை விட்டு நகரவில்லை. டாக்டர்கள் சிகிச்சை செய்தார்கள். தாய் எழுந்து காட்டுக்குள் போனது. ஆனால் குட்டி மறுபடியும் தனியாகிவிட்டது. தாயோடு சேர்க்கப் பல முறை முயன்றார்கள். தாய் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில், ஜூன் மாதம், அந்தக் குட்டி லாரி ஏறியது. போய்ச் சேர்ந்த இடம், தெப்பக்காடு.

நீலகிரி மாவட்டம் முதுமலைக் காட்டில், மாயாற்றின் கரையில் இருக்கிறது தெப்பக்காடு யானை முகாம். வெள்ளைக்காரர் காலத்தில் மரம் இழுப்பதற்காக யானைகளை வைத்திருந்த இடம் அது. மரம் வெட்டும் காலம் போய்விட்டது. தாய் இல்லாத குட்டிகளுக்கு இன்று அது அடைக்கல வீடு.

யானையைப் பார்த்துக்கொள்பவர் பாகன். அவருக்கு உதவியாளர் 'காவடி'. குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகிய மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்கிறார்கள். பெரிய படிப்பு அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யானையின் காது ஆடுவதைப் பார்த்தே அதன் மனதைச் சொல்லிவிடுவார்கள்.

ரகு வந்தான்

2017-ம் ஆண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்து ஓர் ஆண் குட்டி தெப்பக்காட்டுக்கு வந்தது. அதன் தாய் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டது. குட்டியின் உடம்பெல்லாம் புண். நாய்கள் வாலைக் கடித்திருந்தன. "இது பிழைக்காது" என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அந்தக் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை பொம்மன் என்ற பாகனுக்குக் கிடைத்தது. அவருக்குத் துணையாக நின்றவர் பெள்ளி. இருவரும் காட்டுநாயக்கர் வகுப்பைச் சேர்ந்தவர்கள்.

பெள்ளியின் வாழ்க்கையே ஒரு சோகக் கதை. அவருடைய முதல் கணவரைப் புலி கொன்றுவிட்டது. மகளையும் அவர் பறிகொடுத்தார். பிள்ளையை இழந்த தாயிடம், தாயை இழந்த பிள்ளை வந்து சேர்ந்தது!

குட்டிக்கு ரகு என்று பெயர் வைத்தார்கள். புண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். பாட்டிலில் பால் கொடுத்தார்கள். ஆற்றில் குளிப்பாட்டினார்கள். இரவில் குட்டியின் அருகிலேயே படுத்துக்கொண்டார்கள். ரகு பிழைத்துக்கொண்டான்.

2019-ல் சத்தியமங்கலம் காட்டில் இருந்து ஒரு பெண் குட்டி வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் பொம்மி. வீட்டில் கூப்பிடும் பெயர் அம்மு. அதையும் இவர்களே வளர்த்தார்கள். ரகுவைச் சேர்ந்து வளர்த்த பொம்மனும் பெள்ளியும் பின்னர் கணவன்-மனைவி ஆனார்கள்.

பாலிலும் ஆபத்து

குட்டி யானையை வளர்ப்பதில் பெரிய கஷ்டம் எது தெரியுமா? பால்தான்.

"பசு மாட்டுப் பாலைக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. பசும்பாலில் உள்ள கொழுப்பு யானைக் குட்டிக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வரும். பச்சிளங் குட்டி இரண்டு மூன்று நாளில் துவண்டு விழுந்துவிடும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பால் பவுடரைக் கரைத்து, இளநீர், குளுக்கோஸ் முதலியவற்றையும் டாக்டர் சொல்லும் அளவில் கொடுப்பார்கள். ஒரே தடவையில் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும் கொடுக்க வேண்டும். குட்டி வளர்ந்த பிறகு கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, உருண்டை பிடித்து ஊட்டுவார்கள்.

காட்டில் குட்டி யானை தாயின் சாணத்தையும் கொஞ்சம் தின்னும். இலை தழையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் வயிற்றுக்குள் போகின்றன. அந்தக் காட்டுத் தாய் கொடுப்பது எல்லாவற்றையும் மனிதன் கொடுத்துவிட முடியாது. அதனால் எத்தனை அன்பு காட்டினாலும் சில குட்டிகள் பிழைப்பதில்லை.

பரிசு வந்த நாளில் எங்கே இருந்தார்?

பொம்மன், பெள்ளி, ரகு, அம்மு ஆகியோரின் கதையைக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் என்ற இளம் பெண் டைரக்டர் படமாக எடுத்தார். அவர் ஊட்டியில் வளர்ந்தவர். 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' என்பது படத்தின் பெயர். ஓடும் நேரம் சுமார் 40 நிமிடம்தான். 2023 மார்ச் 13 அன்று, நம் நாட்டு நேரப்படி காலையில், அமெரிக்காவில் அந்தக் குறும்படத்துக்கு 'ஆஸ்கார்' பரிசு கிடைத்தது!

உலகமே பொம்மனைத் தேடியது. அவர் எங்கே இருந்தார்?

தர்மபுரியில் இருந்தார். அங்கே ஒரு குட்டி யானை கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். பரிசுச் செய்தி வந்தபோதும் அவர் கையில் இருந்த வேலை அதுதான்.

கூட்டத்தோடு சேர்க்கும் முயற்சி பலிக்கவில்லை. குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 'கரால்' என்ற மரக் கூண்டில் வைத்துப் பொம்மனும் பெள்ளியும் கவனித்தார்கள். டாக்டர்களும் கூடவே இருந்தார்கள்.

ஆனால் பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு வந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் அந்தக் குட்டி இறந்துவிட்டது. முகாம் முழுவதும் சோகத்தில் மூழ்கியது.

ஒரே மாதத்தில் உலகப் பரிசும் வந்தது. ஒரு பிள்ளையின் சாவும் வந்தது. இந்த வேலை இப்படிப்பட்டதுதான்.

முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் பொம்மனையும் பெள்ளியையும் அழைத்துப் பாராட்டினார். தலா ரூ.1 லட்சம் கொடுத்தார். தமிழ்நாட்டு யானை முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்கும் தலா ரூ.1 லட்சம் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் பெள்ளிக்குக் காவடி வேலைக்கான உத்தரவு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு யானை முகாமில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். அதே மாதம் ஜனாதிபதி திரவுபதி முர்மு தெப்பக்காட்டுக்கே நேரில் வந்து இருவரையும் சந்தித்தார்.

வளர்த்தவர் கொடுத்துவிட வேண்டும்

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழுத இடம் ஒன்று உண்டு. அது ரகுவைப் பிரியும் இடம்.

ரகு வளர்ந்துவிட்டான். அவனை வேறு பாகனிடம் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. பொம்மனும் பெள்ளியும் கலங்கினார்கள். அம்முவும் சோர்ந்துபோனது.

"பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவர்களிடம் இருந்து பிரிக்கலாமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆண் யானை பெரிதானால் அதன் பலமும் பெரிது. அதைக் கட்டுப்படுத்தி நடத்த வேறு அனுபவம் வேண்டும். சின்னக் குட்டிகளைக் காப்பாற்றத் தெரிந்தவரின் கை, அடுத்து வரும் குட்டிக்காகக் காலியாக இருக்கவும் வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது புதிதல்ல. வளர்த்து, நல்ல இடத்தில் சேர்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதுதான் பெற்றவர் கடமை. அடைக்கலம் கொடுத்து வளர்ப்பவர் கடமையும் அதுதான்.

ஆப்பிரிக்கா கற்ற பாடம்

கென்யா நாட்டில் டாப்னி ஷெல்டிரிக் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். அனாதை யானைக் குட்டிகளை வளர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 2018-ல் காலமானார்.

பச்சிளங் குட்டிக்கு ஒத்துக்கொள்ளும் பால் எது என்று கண்டுபிடிக்க அவர் பல ஆண்டு பாடுபட்டார். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்! பாலில் தேங்காய் எண்ணெய்க் கொழுப்பைச் சேர்த்ததும் குட்டிக்குச் செரித்தது.

1974-ல் அவர் அப்படி வளர்த்த குட்டியின் பெயர் ஆயிஷா. ஆறு மாதம் நன்றாக வளர்ந்தது. அப்போது டாப்னியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஆயிஷாவை வேறு ஆளிடம் விட்டுவிட்டு அவர் போனார். அவரைக் காணாமல் ஆயிஷா பால் குடிக்க மறுத்தது. ஏங்கியது. அவர் திரும்பி வந்த சிறிது நேரத்தில் இறந்துவிட்டது.

டாப்னி ஒரு பெரிய பாடம் கற்றார். குட்டி ஒரே மனிதர்மீது உயிரை வைத்துவிடக் கூடாது. அன்று முதல் பல வளர்ப்பாளர்கள் முறைவைத்துக் குட்டிகளைப் பார்த்தார்கள். யாரோடு யார் என்று மாறி மாறி இரவில் உடன் படுத்தார்கள். வளர்ந்த குட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவோ காட்டு யானைகளோடு பழகவிட்டார்கள். அப்படிக் காட்டுக்குப் போன யானைகள், பின்னர் தாங்கள் ஈன்ற குட்டிகளையும் கூட்டிக்கொண்டு பழைய வளர்ப்பாளர்களைப் பார்க்க வந்திருக்கின்றன!

இலங்கையின் வழி

இலங்கையில் பின்னவல என்ற ஊரில் 1975-ல் யானை அனாதை இல்லம் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த குட்டிகள் மனிதர்களோடேயே இருந்துவிட்டன.

1995-ல் இலங்கை வனவிலங்கு இலாகா வேறு வழியைப் பிடித்தது. உடவளவைத் தேசியப் பூங்காவை ஒட்டி ஓர் இல்லம் தொடங்கியது. அதன் பெயரே 'இடைத்தங்கல் இல்லம்'. ரயிலுக்குக் காத்திருப்பவர் ஸ்டேஷனில் தங்குவதைப்போல, குட்டி இங்கே சில ஆண்டு மட்டும் தங்கும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பார்கள். மற்ற நேரம் குட்டிகள் கூட்டமாகக் காட்டில் மேயும். பார்க்க வருகிறவர்கள் தூரத்து மேடையில் நின்றுதான் பார்க்க வேண்டும். தொடவும் கூடாது, தீனி கொடுக்கவும் கூடாது. கொஞ்சினால் பழகிவிடும், பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது. சுமார் ஐந்து வயது ஆனதும் கூட்டமாகக் காட்டில் விட்டுவிடுவார்கள். 1998-ல் முதல் கூட்டம் காட்டுக்குப் போனது. இதுவரை 100-க்கும் மேற்பட்ட யானைகள் இப்படித் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

அசாமில் காசிரங்கா பக்கம் 2002-ல் தொடங்கிய மீட்பு நிலையமும் குட்டிகளை வளர்த்து மானஸ் காட்டில் விடுகிறது.

ரகுவுக்கும் அம்முவுக்கும் நிலையான வீடு முகாம். உடவளவைக் குட்டிகளுக்கு நிலையான வீடு காடு. வழி வேறாக இருக்கலாம். குட்டிக்கு எது நல்லது என்று பார்ப்பதுதான் இரண்டு இடத்திலும் முக்கியம்.

நீங்கள் பார்த்தால் என்ன செய்வது?

பர்லியார் வழியாகப் பிள்ளைகுட்டிகளோடு ஊட்டிக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதை ஓரத்தில் குட்டி யானை தனியாக நின்றால், அது அனாதை என்று முடிவு செய்யாதீர்கள். தாய் பத்தடி தூரத்துப் புதரில் நிற்கலாம். காரை விட்டு இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். கூட்டம் கூடினால் தாய் வராது. வந்தால் ஆளைக் கொல்லும்.

தண்ணீர், வாழைப்பழம், பிஸ்கட், பசும்பால் எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் இரக்கப்பட்டு ஊற்றும் ஒரு பாட்டில் பால், அதற்கு எமனாக முடியலாம்.

பக்கத்தில் உள்ள சோதனைச் சாவடியிலோ, வனத்துறை அலுவலகத்திலோ உடனே சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்த்தது, குட்டி எந்தப் பக்கம் போனது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு விலகிப் போங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியம். கூட்டம் தூரம் போவதற்குள் குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், தாய் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

தின்பண்டத்தை வெளியே வீசாதீர்கள். பாலித்தீன் பையை எறியாதீர்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் வேலியில் மின்சாரத்தைப் பாய்ச்சாதீர்கள். அந்தக் கம்பி ஒரு யானையை மட்டும் கொல்வதில்லை. அதன் பின்னால் வரும் குட்டியையும் அனாதை ஆக்குகிறது.

பொம்மனும் பெள்ளியும் நல்லவர்கள். ஆனால் அவர்களிடம் வந்து சேரும் குட்டி ஒவ்வொன்றும், முதலில் ஒரு தாயை இழந்துவிட்டு வருகிறது. தெப்பக்காட்டுக் கராலில் குட்டி இல்லாமல் இருக்கும் நாளே நல்ல நாள்.